மில் ஸ்டாண்டர்டுக்கு ஸ்பெக் எழுதுவது எப்படி? ராணுவ ஆர்டருக்குப் புதிதாக வரும் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

ராணுவ டெண்டரைத் திறந்தால் எங்கோ நடுவில் ஒரு வரி இருக்கும்: "கருவி ஜேஎஸ்எஸ் 55555, மில் ஸ்டாண்டர்டு 810, மில் ஸ்டாண்டர்டு 461 ஆகியவற்றுக்கு இணங்க வேண்டும்." முதலாவது இந்தியப் படைகளின் பொது ஸ்டாண்டர்டு. மற்ற இரண்டும் அமெரிக்க ராணுவத்தினுடையவை: 810 வெப்பம், அதிர்வு போன்ற சூழல் சோதனைகளுக்கு, 461 இஎம்ஐ எனப்படும் மின்காந்தக் குறுக்கீட்டுக்கு. புதிதாக வருபவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு "இணங்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். விலை, டெலிவரி தேதி, லாபம், நஷ்டம் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைப் பிரித்து, எந்தச் சோதனை, எவ்வளவு கடுமை, எத்தனை நேரம், எதற்கு பாஸ் என்று எழுதி, வாங்குபவரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அது ஸ்பெக் ஆகிறது. அதுவரை அது வெறும் ஸ்டாண்டர்டு எண்களின் பட்டியல்.

கோவை, ஓசூர், சேலம், திருச்சி, சென்னை என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அமைந்த ஊர்களிலெல்லாம் இன்று நிறைய சிறு நிறுவனங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. எந்திர வேலையும் எலக்ட்ரானிக்ஸும் நன்றாகத் தெரிந்தவர்கள், பேப்பர் வேலையில் சிக்கிக்கொள்கிறார்கள். நானும் அதில் நன்றாக அல்லாடியவன் என்பதால் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: ராணுவ வண்டியின் 28 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, ரேடியோவுக்கும் திரைக்கும் 12 வோல்ட் தரும் ஒரு பவர் சப்ளை பெட்டி.

1. கையெழுத்துப் போடப்போவது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பணம் தருபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர், "இது சரி" என்று கையெழுத்துப் போடுபவர் மூன்றாமவர். உங்கள் ஸ்பெக் அந்த மூன்றாமவருக்காக எழுதப்படுவது.

தரைப்படைப் பொருள் என்றால் பெரும்பாலும் டிஜிக்யூஏ எனப்படும் தர உறுதி இயக்குநரகம். விமானத்தில் ஏறும் பொருள் என்றால் வடிவமைப்பு ஒப்புதலுக்கு பெங்களூரில் உள்ள செமிலாக், உற்பத்தித் தரத்துக்கு டிஜிஏக்யூஏ. பாதையே வேறு, நேரமும் அதிகம். நேரடியாக ராணுவத்துக்குக் கொடுக்காமல் ஒரு பெரிய நிறுவனத்துக்கு உதிரியாகக் கொடுக்கிறீர்கள் என்றால், அவர்களுடைய தரப் பிரிவு முதலில் பார்க்கும். இறுதிச் சொல் அப்போதும் ராணுவத் தர அதிகாரியுடையதாக இருக்கலாம்.

ஆகவே முதல் மின்னஞ்சலிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குவாலிஃபிகேஷன் டெஸ்ட் திட்டத்துக்கு, அதாவது க்யூடிபிக்கு, ஒப்புதல் தரும் அதிகாரி யார்? சோதனையின்போது நேரில் வந்து பார்ப்பது யார்? எத்தனை நாளுக்கு முன் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்? பதில் எழுத்தில் இருக்கட்டும். போனில் சொன்னதை வைத்து லேப் புக் செய்துவிடாதீர்கள். அதிகாரி வராத நாளில் நடத்திய சோதனையைத் திரும்ப நடத்தச் சொன்னால் அந்தச் செலவு உங்களுடையது.

2. ஸ்டாண்டர்டுகளைச் சேகரியுங்கள், ரிவிஷன் எழுத்தோடு

மில் ஸ்டாண்டர்டுகளுக்குக் காசு கிடையாது. அமெரிக்க டிஃபென்ஸ் லாஜிஸ்டிக்ஸ் ஏஜென்சியின் அசிஸ்ட் குயிக் சர்ச் தளத்தில் பொது வெளியீட்டுக்கு உரியவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். வேறு தளங்களில் பணம் கட்டி வாங்கத் தேவையில்லை. ஜேஎஸ்எஸ் ஆவணங்கள் வேறு மாதிரி. அவை பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்டாண்டர்டைசேஷன் இயக்குநரகம் வெளியிடுபவை. வாங்கும் அலுவலகம் வழியாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். இணையத்தில் சுற்றும் பழைய ஸ்கேன் பிரதியை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். சாலிடரிங் தரத்துக்கான ஐபிசி ஆவணங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அந்தத் தொகையை ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து அலங்காரத்துக்கு இல்லை. நம் பவர் சப்ளைக்கு வேண்டியது மில் ஸ்டாண்டர்டு 1275, வண்டிகளின் 28 வோல்ட் மின்சாரம் எப்படியெல்லாம் ஆடும் என்று சொல்வது. அதில் டி ரிவிஷனின்படி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மின்னழுத்தம் 6 வோல்ட் வரை இறங்கலாம். இ ரிவிஷனில் அது 12 வோல்ட். 12 வோல்ட்டில் உயிரோடு இருக்கும் பெட்டிக்கும் 6 வோல்ட்டில் உயிரோடு இருக்க வேண்டிய பெட்டிக்கும் சர்க்யூட்டே வேறு. டிரான்ஸ்ஃபார்மர், மாஸ்ஃபெட், கெபாசிட்டர், பெட்டியின் அளவு எல்லாம் மாறும். டெண்டரில் வெறுமனே "1275" என்று இருந்தால் எந்த ரிவிஷன் என்று கேட்காமல் ஒரு ரூபாய்கூட விலை சொல்லாதீர்கள்.

810க்கும் அதேதான். இப்போதைய ரிவிஷன் ஹெச், 2019இல் வந்தது. பழைய டெண்டரிலிருந்து எடுத்து ஒட்டிய வாசகங்களில் எஃப், ஜி ரிவிஷன்கள் இன்னும் வரும். 810இல் ஒவ்வொரு வகைச் சோதனைக்கும் மெத்தட் என்று ஓர் எண் உண்டு. அந்த எண்ணின் புள்ளிக்குப் பின் வரும் இலக்கமும் ரிவிஷனோடு மாறும்: அதிர்வு ஜி-யில் 514.6, ஹெச்-சில் 514.8. ஒரு வரியில் 810ஹெச் என்றும் அடுத்த வரியில் 514.6 என்றும் இருந்தால் ஆவணமே தன்னோடு முரண்படுகிறது. அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். கேள்விப் பட்டியலில் அவை முதலில் வர வேண்டும்.

3. கருவி எங்கே வாழப்போகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்

இதை எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். இது இல்லாமல் மீதி எதையும் சரியாக எழுத முடியாது.

810 என்பது பாஸ், ஃபெயில் போடும் ஒரே பரீட்சை அல்ல. பொருளின் வாழ்க்கையைப் பார்த்து அதற்கேற்ற கடுமையைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் அந்த ஆவணத்தின் அடிப்படையே. அந்த வாழ்க்கையை நீங்கள் எழுதிக் காட்ட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து டிப்போவுக்கு லாரியில் எத்தனை கிலோமீட்டர் போகும்? டிப்போவில் தகரக் கொட்டகையில் எத்தனை வருடம் கிடக்கும்? விமானத்தில் ஏற்றுவார்களா? டயர் வண்டியா, செயின் வண்டியா? வண்டிக்குள்ளா, வெளியிலா? தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்களா? யார் கழற்றி மாட்டுவார்கள், கையுறை போட்டுக்கொண்டா?

நம் நாட்டின் நிலைமைகள் அமெரிக்க அட்டவணைகளில் அடங்காத இடங்களும் உண்டு. 810இன் மெத்தட் 500, தரையில் பயன்படும் கருவிகளுக்கு ஏறக்குறைய 4,570 மீட்டர் உயரத்தை, அதாவது 57 கிலோபாஸ்கல் அழுத்தத்தைச் சொல்கிறது. லடாக்கில் தௌலத் பேக் ஓல்டி அதைவிட உயரம், 5,000 மீட்டருக்கும் மேல். அங்கே போகும் வண்டிக்குப் பெட்டி செய்துவிட்டு அட்டவணையில் இருப்பதையே நகலெடுத்தால், பேப்பரில் பாஸ், களத்தில் சூடேறி நின்றுபோகும். காற்று மெலிந்தால் ஃபேனும் ஹீட்சிங்க்கும் இங்கே தருகிற குளிர்ச்சியை அங்கே தராது. அதே வண்டி கோடையில் ராஜஸ்தானுக்கும் போகலாம். ஒரே பெட்டி இரண்டு இடத்துக்கும் போகுமா, எந்த உயரத்தில் எவ்வளவு லோடு வேண்டும் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

லாரிப் பயணத்துக்கும் இந்தப் பக்கம்தான் ஆதாரம். 514இல் லாரியில் கட்டி எடுத்துப் போகும் சரக்குக்கான அதிர்வுச் சோதனை, 1,609 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாக நடக்கும். தூரம் எழுதாவிட்டால் சோதனை நேரமே தெரியாது. ஷேக்கர் எனப்படும் அதிர்வு இயந்திரத்தின் வாடகை மணிக்கணக்கில். மூன்று அச்சுக்கு மூன்று மணி நேரமா, பன்னிரண்டு மணி நேரமா என்பது நீங்கள் எழுதும் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

4. ஒவ்வொரு தேவையையும் அளந்து பார்க்கும்படி எழுதுங்கள்

ஒரு மோசமான வாசகம் இப்படி இருக்கும்:

"கருவி மில் ஸ்டாண்டர்டு 810இன்படி அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டும்."

இதை வைத்து எந்த லேப்பும் சோதனை நடத்த முடியாது. எந்த அதிகாரியும் எப்போது வேண்டுமானாலும் ஃபெயில் என்று சொல்லலாம். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"3.4.1 அதிக வெப்பம், இயங்கும் நிலை. மில் ஸ்டாண்டர்டு 810ஹெச், மெத்தட் 501.7, ப்ரொசீஜர் 2, மாறாத வெப்பநிலை. பெட்டியைச் சுற்றியுள்ள காற்று 55 டிகிரி செல்சியஸ். உள்ளீடு 28 வோல்ட், வெளியீட்டில் முழு லோடு. ஹீட்சிங்க்கில் பொருத்திய தெர்மோகப்பிள் காட்டும் வெப்பம் மணிக்கு 2 டிகிரிக்கு மேல் மாறாத நிலை வந்த பிறகு, குறைந்தது 2 மணி நேரம் இயங்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் வெளியீடு 11.64 முதல் 12.36 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்; ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது; பாதுகாப்பு கட்-ஆஃப் ஒருமுறைகூட இயங்கக் கூடாது. சோதனைக்குப் பின் பூச்சு உரிதல், சீல் நகர்தல், எழுத்து அழிதல் இருக்கக் கூடாது."

இதில் மெத்தட், ப்ரொசீஜர், அளவு, நேரம், கருவி எந்த நிலையில் இருக்கும், எங்கே அளப்பது, எதற்கு பாஸ் என்று ஏழு விஷயங்கள் இருக்கின்றன. ஏழில் ஒன்று விடுபட்டாலும் பிறகு அந்த இடத்தில்தான் சண்டை வரும். வழக்கமாக விடுபடுவது "எங்கே அளப்பது" என்பதுதான். 55 டிகிரி என்பது சேம்பரின் காற்றா, பெட்டியைத் திருகியிருக்கும் தகட்டின் வெப்பமா? தகட்டின் வழியாகச் சூட்டைக் கடத்திக் குளிரும் பெட்டியாக இருந்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

55, 3 சதவீதம், 120 மில்லிவோல்ட் என்ற எண்கள் எல்லாம் என் உதாரணத்துக்கு உரியவை, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எண்கள் மூன்றாம் படியில் எழுதிய பக்கத்திலிருந்தும், பெட்டியோடு இணையும் ரேடியோவின் தேவையிலிருந்தும் வர வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், எங்கிருந்து வந்தது என்று உங்கள் சொந்த நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது "ஏன் 3 சதவீதம்?" என்று கேட்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஜேஎஸ்எஸ் 55555, 810 இரண்டையும் ஒரே சோதனைக்குச் சேர்த்து எழுதாதீர்கள். இரண்டும் வெவ்வேறு ஆவணங்கள். வெப்பம், அதிர்வு, ஈரப்பதம் ஒவ்வொன்றுக்கும் முறையும் நேரமும் வேறு. ஜேஎஸ்எஸ்ஸில் அதிக வெப்பம் டெஸ்ட் 17, குறைந்த வெப்பம் டெஸ்ட் 20, அதிர்வு டெஸ்ட் 28 என்று தனி எண் வரிசையும் உண்டு. டெண்டரில் இரண்டும் இருந்தால், எந்தச் சோதனைக்கு எது என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் நடத்தச் சொல்வார்கள்.

இரண்டாவது, தேவையில்லாத கடுமையை நீங்களாக வாங்கிக்கொள்ளாதீர்கள். "மைனஸ் 40 போதும், ஆனால் நம்மிடம் மைனஸ் 55 தாங்கும்" என்று பெருமைக்கு எழுதினால், ஒவ்வொரு பேட்சிலும் மைனஸ் 55 காட்ட வேண்டிய கடமை வந்துசேரும்.

5. ஆவணத்தின் வடிவம்

மில் ஸ்டாண்டர்டு 961 ஸ்பெக்குக்கு ஆறு பகுதிகளைச் சொல்கிறது: எல்லை, மேற்கோள் ஆவணங்கள், தேவைகள், சரிபார்ப்பு, பேக்கிங், குறிப்புகள். வாங்குபவர் வேறு வடிவம் கேட்காவிட்டால் இதையே பின்பற்றுங்கள்; எல்லோருக்கும் பழக்கமான வரிசை. மூன்றாம் பகுதியில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் நான்காம் பகுதியில் ஒரு சரிபார்ப்பு வரி இருக்க வேண்டும்: பார்த்துச் சொல்வதா, கணக்கிட்டுக் காட்டுவதா, இயக்கிக் காட்டுவதா, அளந்து சோதிப்பதா. சரிபார்ப்பு இல்லாத தேவை ஏதாவது இருந்தால் ஒன்று அதை நீக்குங்கள், இல்லை சோதனை எழுதுங்கள்.

கூடவே கம்ப்ளையன்ஸ் மேட்ரிக்ஸ். டெண்டரின் பத்தி எண், அதன் வாசகம், உங்கள் பதில், ஸ்பெக்கில் எந்தப் பத்தி, எந்தச் சோதனையில் நிரூபிக்கப்படும் என்று ஐந்து கட்டம் போதும். "இணங்கும்" என்று மட்டும் நிரப்பிய மேட்ரிக்ஸை அனுபவமுள்ள அதிகாரிகள் நம்புவதில்லை. எங்கே முழுமையாக இணங்கவில்லையோ அங்கே அதைச் சொல்லி, மாற்று என்ன என்று எழுதுங்கள். இப்போது வெளிப்படையாகச் சொன்ன விலகலைப் பேசித் தீர்க்கலாம். சோதனையில் வெளிப்பட்டால் அது தோல்வி.

6. கேள்விகளை விலை சொல்வதற்கு முன் கேளுங்கள்

பிரி-பிட் மீட்டிங், அதாவது விலை சமர்ப்பிக்கும் முன் நடக்கும் கூட்டம், இருக்கும். அதற்கு முன்பே எழுத்தில் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியும் இருக்கும். அந்தத் தேதி தாண்டினால், பிறகு எவ்வளவு நியாயமான கேள்வியாக இருந்தாலும் பதில் வராது. "இந்தப் பத்தியில் இப்படி இருக்கிறது, நாங்கள் இப்படிப் புரிந்துகொள்கிறோம், சரியா?" என்ற வடிவத்தில் எழுதுங்கள். "விளக்கவும்" என்று மட்டும் கேட்டால் "டெண்டரில் உள்ளபடி" என்று பதில் வரும்.

7. இஎம்ஐ சோதனைக்குத் தனியாகத் திட்டமிடுங்கள்

நல்ல பெட்டிகளும் தடுக்கி விழும் இடம் இதுதான். வெப்பமும் அதிர்வும் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள். நம் ஊர் மெக்கானிக்கல் ஆட்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். மில் ஸ்டாண்டர்டு 461 அப்படியல்ல. ஜி ரிவிஷன் 2015இல் வந்தது. அதில் எந்தச் சோதனை எந்தப் பொருளுக்கு என்ற அட்டவணை தரைப்படை, கடற்படை, விமானம் என்று பிரிந்து இருக்கும். நம் பெட்டிக்கு வழக்கமாகக் கேட்பவை: மின் வயர் வழியே வெளியேறும் மின் இரைச்சலுக்கு சிஇ 102, காற்றில் பரவுவதற்கு ஆர்இ 102, வயரில் ஏற்றிப் பார்ப்பதற்கு சிஎஸ் 101, சிஎஸ் 114, சிஎஸ் 115, சிஎஸ் 116, காற்றில் வரும் அலையைத் தாங்குவதற்கு ஆர்எஸ் 103. கையால் தொடும்போது பாயும் நிலைமின்சாரத்துக்கான சிஎஸ் 118 ஜி ரிவிஷனில்தான் புதிதாக வந்தது. டெண்டர் எஃப் என்று சொன்னால் அது கிடையாது.

ஸ்பெக்கில் எழுத வேண்டியது: எந்தெந்தச் சோதனை, எந்த எல்லைக்கோடு, ஆர்எஸ் 103க்கு எத்தனை வோல்ட் பர் மீட்டர் (தரைப்படைக் கருவிகளுக்கு அட்டவணையில் 50), சோதனையின்போது எவ்வளவு லோடு. அலை பாயும்போது எது நடந்தால் தோல்வி என்பதையும் எழுதுங்கள். வெளியீடு ஒரு நொடி ஆடித் திரும்பினால் பரவாயில்லையா, கூடாதா? இதை எழுதாமல் சேம்பருக்குள் போனால் அங்கே நின்றுகொண்டு வாதாட வேண்டிவரும். சேம்பர் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

டிராயிங்கிலேயே தடுக்கக்கூடிய ஒரு பெரிய தவறு உண்டு. பெட்டிக்கும் மூடிக்கும் இடையே மின்கடத்தும் கேஸ்கெட் வைத்திருப்பார்கள். விலை உயர்ந்த கேஸ்கெட். ஆனால் அது உட்காரும் ஓரத்தில் பெயிண்ட் அடித்திருக்கும், அல்லது ஆனோடைஸ் செய்திருக்கும். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்தாது. அப்போது கேஸ்கெட் தண்ணீரை மட்டும் தடுக்கும். இஎம்ஐ-க்கு மூடி திறந்த மாதிரிதான். அந்த ஓரத்தை மறைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அங்கே மின்கடத்தும் வகை இரசாயனப் பூச்சு, மில் டிடிஎல் 5541இன் கிளாஸ் 3, இருக்க வேண்டும் என்று டிராயிங்கில் கோடு போட்டுக் காட்டுங்கள். பெயிண்ட் கடைக்காரர் டிராயிங்கைத்தான் பார்ப்பார், ஸ்பெக்கைப் பார்க்க மாட்டார். கனெக்டர் உட்காரும் இடத்துக்கும் இதே விதி. பெட்டி கைக்கு வந்ததும் மல்டிமீட்டரை ஒரு முனை மூடியிலும் மறுமுனை பெட்டியிலும் வைத்துப் பாருங்கள். அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது கேபிள். பெட்டியின் முன்பக்கமாக 2 மீட்டர் கேபிளை, மேசையின் தகட்டுக்கு 5 சென்டிமீட்டர் மேலே படுக்கவைத்துச் சோதிப்பார்கள். வண்டியில் உண்மையில் போடப்போகும் கேபிள் வகையைத்தான் கொண்டுபோக வேண்டும். ஷீல்ட் வயரைக் கனெக்டரின் பின்மூடியில் சுற்றிலும் முழுதாகப் பிடித்திருக்க வேண்டும். ஷீல்டைத் திருகி ஒரு வாலாக்கி ஒரு பின்னில் சாலிடர் செய்தால் உயர் அலைவரிசைகளில் அதனால் பயன் குறைவு.

லேப்புக்குப் போகும் முன், மின் வயரில் வரும் இரைச்சலை அளக்க இணைக்கும் லிஸ்ன் ஒன்று, ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாடகைக்கு எடுத்து சிஇ 102ஐ உங்கள் கடையிலேயே ஒரு தடவை பாருங்கள். துல்லியம் குறைவாக இருக்கலாம், எங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும். சென்னை தரமணியில் உள்ள சமீர் போன்ற இடங்களில் முழுச் சோதனை நடத்தலாம். தேதி கிடைக்க நாளாகும் என்பதால் டிசைன் முடியும்போதே வரிசையில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

8. நாள் கணக்கு

வாங்குபவர்கள் "டெஸ்டிங்குக்கு ரெண்டு வாரம்" என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். ஸ்டாண்டர்டே என்ன சொல்கிறது பாருங்கள். 810ஹெச்-சில் அதிக வெப்பச் சேமிப்பு, சுழற்சி முறையில் குறைந்தது ஏழு நாள். இயங்கும் நிலை, சுழற்சி முறை என்றால் குறைந்தது மூன்று நாள். ஈரப்பதம் 24 மணி நேரச் சுழற்சி பத்து. உப்புப் பனி, 5 சதவீத உப்புக் கரைசல் 24 மணி நேரம், காய்தல் 24 மணி நேரம், இதுவே இரண்டு முறை, ஆக நாலு நாள். பூஞ்சணம் குறைந்தது 28 நாள். இவை சுத்தமான சோதனை நேரம் மட்டுமே. பொருத்துவது, ஒவ்வொன்றுக்கும் முன்பும் பின்பும் அளப்பது, அதிகாரி வரும் நாள், சேம்பர் காலியாகும் நாள் எல்லாம் மேலே.

ஒரே பெட்டியை வைத்து எல்லாவற்றையும் வரிசையாக நடத்தினால் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு அல்லது மூன்று மாதிரிகள் செய்து பிரித்து ஓட்டுங்கள். எந்த மாதிரிக்கு எந்தச் சோதனை என்பதை க்யூடிபியில் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். பூஞ்சணத்தை உப்புப் பனிக்கும் தூசிக்கும் பிறகு அதே மாதிரியில் நடத்தாதீர்கள் என்று 810 சொல்கிறது. உப்பு பூஞ்சணம் வளர்வதைத் தடுக்கும், தூசி அதற்குத் தீனியாகும். பெட்டியில் உள்ள ரப்பர், பெயிண்ட், கோட்டிங் எல்லாம் ஏற்கெனவே பூஞ்சணச் சோதனை முடித்தவை என்று ரிப்போர்ட் காட்டினால் ஏற்பார்களா என்று கேட்டுப்பாருங்கள். ஏற்றால் ஒரு மாதம் மிச்சம்.

மெதுவான பாகங்களும் அட்டவணையைத் தின்னும். 38999 வகை ராணுவ வட்டக் கனெக்டர்கள் வந்துசேர பல வாரம், சில நேரம் பல மாதம் ஆகும். ஆர்டர் வருவதற்கு முன்பே மாதிரிகளுக்கு வேண்டியதை வாங்கிவைப்பது நல்லது.

9. செலவு

லேப்புகள் மூன்று விதமாகக் கட்டணம் போடுகின்றன. அதிர்வும் அதிர்ச்சியும் மணிக்கணக்கு. சேம்பர் சோதனைகள் நாள் கணக்கு, அல்லது ஒரு சோதனைக்கு இவ்வளவு. இஎம்ஐ பெரும்பாலும் ஷிஃப்ட் கணக்கு, ஃபெயில் ஆனாலும் ஷிஃப்ட் ஷிஃப்ட்தான். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. குறைந்தது இரண்டு லேப்பிலிருந்து, சோதனை வாரியாக எழுதிய கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகை சொன்னால், அதில் எத்தனை மணி நேரம் அடக்கம் என்று கேளுங்கள்.

கொட்டேஷனில் வராத செலவுகள்தான் கையைக் கடிக்கும். அதிர்வுச் சோதனைக்குப் பெட்டியை மேசையில் பொருத்தும் ஃபிக்ஸ்சர் நீங்கள் செய்து கொண்டுபோக வேண்டும். லேப்பிடம் மேசையின் ஓட்டை வரைபடத்தை முன்பே வாங்குங்கள். ஃபிக்ஸ்சர் மெலிந்திருந்தால் அது தானே அதிரும், பெட்டி வாங்கும் அடி இரட்டிப்பாகும். கனமான அலுமினியத் தகட்டில், போல்ட் போட்டு இணைக்கும் துண்டுகளைக் குறைத்து, கெட்டியாகச் செய்யுங்கள். அப்புறம் லோடு பேங்க், நீளமான சோதனைக் கேபிள்கள், அதிகாரியின் வருகை ஏற்பாடு, உங்கள் இன்ஜினியரின் தங்கும் செலவு. டெண்டரில் ஐஇடிஎம், அதாவது திரையில் ஓடும் பராமரிப்புக் கையேடு கேட்டிருந்தால் அதற்குத் தனி வெண்டர், தனி விலை. சாதாரண பிடிஎஃப் கொடுத்துத் தப்பிக்க முடியாது. கடைசியாக, முக்கியமான சோதனைகளை இன்னொரு முறை நடத்தும் தொகையைக் கட்டாயம் ஒதுக்குங்கள். முதல் முறையே இஎம்ஐ பாஸ் ஆகும் என்று கணக்குப் போட்டு யாரும் விலை சொல்லக் கூடாது.

லேப்பைத் தேர்ந்தெடுக்கும்போது "என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த லேப்பின் அங்கீகாரப் பட்டியலில் உங்கள் மெத்தட், உங்கள் ரிவிஷன், உங்கள் அளவு வரம்பு இருக்கிறதா என்று என்ஏபிஎல் தளத்திலேயே பாருங்கள். 810 இருக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டிய மெத்தட் மட்டும் இருக்காது.

"810 சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். அப்படி ஒரு சான்றிதழை எந்த அரசு அமைப்பும் வழங்குவதில்லை. கிடைப்பது குறிப்பிட்ட மாதிரிக்கு, குறிப்பிட்ட மெத்தட்டில், குறிப்பிட்ட அளவில் நடத்திய சோதனையின் ரிப்போர்ட்.

10. சோதனை நாளுக்கான கோப்பு

ஒப்புதல் பெற்ற க்யூடிபி, கையெழுத்தும் தேதியும் உள்ள பிரதி. ஸ்பெக், டிராயிங், பாகப் பட்டியல், மூன்றிலும் ஒரே ரிவிஷன் எண். உங்கள் மீட்டர், லோடு, தெர்மோகப்பிள் ஆகியவற்றின் காலிப்ரேஷன் சான்றுகள். சோதனை முடியும் நாள் வரை செல்லுபடியாக வேண்டும், தொடங்கும் நாள் வரை மட்டும் அல்ல. சோதனைக்கு முன் எடுத்த அளவுகளின் தாள். மாதிரியின் சீரியல் எண் தெளிவாகத் தெரியும் போட்டோ.

லேப்பை விட்டுக் கிளம்பும் முன் வரைவு ரிப்போர்ட்டைப் படியுங்கள். எனக்கு ஒரு லேப் கொடுத்த ரிப்போர்ட்டில் பெட்டியின் சீரியல் எண்ணே இல்லை. அதைத் திருத்தி வாங்குவதற்குள் டெலிவரி தேதி நெருங்கிவிட்டது. சீரியல் எண், மெத்தட்டும் ரிவிஷனும், அதிர்வின் வரைபடம், வெப்பநிலைப் பதிவு, பொருத்திய விதத்தின் போட்டோ, சாட்சி அதிகாரியின் கையெழுத்து, எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஃபெயில் ஆனால் பதறி அங்கேயே எதையும் திருகிவிடாதீர்கள். நிறுத்தி, போட்டோ எடுத்து, என்ன நடந்தது என்று எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். காரணம் கண்டு, திருத்தம் செய்து, எந்தச் சோதனைகளைத் திரும்ப நடத்த வேண்டும் என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மூடியின் திருகை மாற்றினீர்கள் என்றால் அதிர்வு மட்டும் திரும்பவும் போதுமா, சீலிங்கும் வேண்டுமா என்பது அவர் சொல்ல வேண்டியது.

11. பாஸ் ஆன பிறகு எதையும் தொடாதீர்கள்

குவாலிஃபிகேஷன் முடிந்த அன்றைக்கு ஸ்பெக், டிராயிங், பாகப் பட்டியல் மூன்றையும் ஒரே ரிவிஷனில் பூட்டுங்கள். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏடிபி என்ற சிறிய ஏற்புச் சோதனை இருக்கும். சில ஆர்டர்களில் ஒவ்வொரு பெட்டியையும் வெப்பச் சுழற்சியிலும் சிறிது நேர அதிர்விலும் போட்டு எடுக்கும் இஎஸ்எஸ்ஸும் கேட்பார்கள். இரண்டும் ஸ்பெக்கில் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். குவாலிஃபிகேஷன் அளவுகளை ஏற்புச் சோதனைக்கு நகலெடுத்தால், விற்கும் பெட்டிகளின் ஆயுளை நீங்களே தின்றுவிடுவீர்கள்.

கெபாசிட்டர் கிடைக்கவில்லை, கேஸ்கெட் வெண்டர் மாறிவிட்டார், பெயிண்ட் கம்பெனி அந்த ஷேடை நிறுத்திவிட்டது என்று ஏதாவது நடக்கும். மாற்றிப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருப்பது ஆபத்து. தயாரிக்கும் முன் கேட்டால் அது டீவியேஷன்; தயாரித்த பிறகு கேட்டால் கன்செஷன். முதலாவது கிடைப்பது எளிது. இந்தத் தொல்லையைக் குறைக்க, ஸ்பெக்கின் பாகப் பட்டியலில் முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மாற்று பாகத்தையும் சேர்த்து, குவாலிஃபிகேஷன் மாதிரிகளில் ஒன்றில் அந்த மாற்று பாகங்களைப் போட்டே சோதித்துவிடுங்கள். மாற்றே இல்லாத கனெக்டர், கன்ட்ரோல் ஐசி போன்றவற்றை முழு ஆர்டருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வாங்கி, தயாரிப்புத் தேதியைச் சொல்லும் டேட் கோடை எழுதி, ஈரம் படாமல் வையுங்கள்.